லாக் புக்கை வழக்கம்போல் முடிக்கச் சொன்னவர்களுக்கு

நான் படித்த நர்சிங் கல்லூரியின் தாளாளர் அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும்,

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நைட் டியூட்டி முடித்த கையோடு என் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். படித்தால் பி.எஸ்சி. நர்சிங்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "நீ படிச்ச காலேஜ்லயே சேத்துடு" என்று அக்கா சொன்னதால் முதலில் உங்களிடம்தான் வந்தோம். விண்ணப்பம் கொடுக்கும் அறைக்கு வெளியே காத்திருந்தபோது நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். பழைய பழக்கம். இன்டர்னல் மார்க்கை அங்கேதான் ஒட்டுவீர்கள்.

ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. இந்தக் கல்வியாண்டிலிருந்து இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு ஆஸ்பத்திரி போஸ்டிங், அதாவது வார்டில் நோயாளிகளிடம் பெறும் பயிற்சி, வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும். மீதி போஸ்டிங் நாள்கள் பொம்மைகளை வைத்துப் பழகுகிற கல்லூரியின் ஸ்கில் லேபில் நடக்கும். கடைசி வரி, நோயாளிகளிடம் செய்த வேலைகளைப் பதிந்து கையெழுத்து வாங்குகிற லாக் புக்கைப் பற்றியது: "மாணவர்கள் லாக் புக், ரெக்கார்டு நோட்டுகளை வழக்கம்போல் முடித்து, குறித்த தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும்."

போஸ்டிங்கைக் குறைத்தது கோபம். ஆனால் அந்த 'வழக்கம்போல்' என்ற சொல் வேறு. பஸ் கடலூர்–புதுச்சேரி எல்லையில் இருக்கிற ஆல்பேட்டை தாண்டும்வரை அது என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. பார்க்காத நோயாளியைப் பார்த்ததாக எழுது என்பதை இதைவிட மரியாதையாக யாராலும் சொல்ல முடியாது.

கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் திங்கட்கிழமை உங்கள் அறைக்கு முன்னால் கை கட்டி நிற்கப்போவது நானில்லை, இப்போது படிக்கிற பிள்ளைகள். தவிர, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இதைப் படித்துவிட்டு 'நம்மளைத்தான் சொல்றாளோ' என்று யோசிக்கப்போகிற நிர்வாகம் நீங்கள் ஒருவர் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களும் படிக்கட்டும்.

நான் 2013-இல் உங்களிடம் சேர்ந்தவள். ஊர் பண்ருட்டிக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காடு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒன்றரை ஏக்கரில் அன்றைக்கு எழுந்து நின்ற மரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்கப்புறம் அம்மா கூலிக்குக் கொட்டை உடைக்கப் போனார். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கருத்து, தோல் உரிந்து கிடக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார். அந்தக் கை எண்ணிக் கொடுத்த பணம்தான் உங்கள் முதல் வருட ஃபீஸ். மீதிக்கு பேங்க் லோன். ஜாமீன் கேட்காமல் நாலு லட்சம் வரை தருவார்கள் என்பதால் அதற்குள் அடங்குகிற மாதிரி கணக்குத் தாள் போட்டுக் கொடுத்தது உங்கள் அலுவலகம். அது உதவிதான், மறக்கவில்லை.

சேர்க்க வந்த அன்று அப்பா உங்கள் கட்டடத்தின் தூணைத் தட்டிப் பார்த்தார். பஸ் எத்தனை என்று கேட்டார். ஹாஸ்டலில் தண்ணீர் உப்பா என்று கேட்டார். ஏ.சி. போட்ட லேபில் படுத்திருந்த பொம்மையைப் பார்த்து "நெசமாவே மூச்சு வுடுதும்மா" என்று அதிசயப்பட்டார். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த மனிதர் அவர். நர்சிங் கல்லூரிக்கு எது பல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்களைக் கூட்டி வந்த ஏஜென்ட்டுக்குத் தெரிந்திருக்கும், அவர் ஏன் சொல்லப்போகிறார்.

இப்போது எனக்குத் தெரியும். படுக்கைதான். எத்தனை படுக்கை, அதில் எத்தனையில் ஆள் இருக்கிறார்கள், ஒரு நோயாளியைச் சுற்றி எத்தனை பிள்ளைகளை நிறுத்துவீர்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய விதிமுறை 2021-இல் அரசிதழில் வந்தது. அதில் எல்லாம் இருக்கிறது: கல்லூரிக்கென்று 100 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி, மூன்று நோயாளிக்கு ஒரு மாணவர், பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர். தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீத வருகை இருந்தால் பரீட்சை எழுதலாம். ஆனால் பட்டம் கையில் வாங்க ஒவ்வொரு போஸ்டிங் பகுதியிலும் 100 சதவீதம் வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் ஈடு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். அம்மா செத்தால்கூட அந்த நாள்களைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று எங்கள் வகுப்பு ஒருங்கிணைப்பாளர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பிள்ளைக்கு அத்தனை கறாராக இருக்கிற விதி, பிள்ளையை அனுப்பவேண்டிய உங்களுக்கு மட்டும் எப்படி வாரம் இரண்டு நாளாகச் சுருங்கியது?

எங்கள் காலத்திலும் நிலைமை தங்கமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் வருடம் எங்களை ஓர் அரசு ஆஸ்பத்திரி மெடிக்கல் வார்டில் விட்டீர்கள். அதே வார்டில் அன்று இன்னும் நாலு கல்லூரிகளின் யூனிபார்ம். நீலம், ரோஸ், வெள்ளை, கோடு போட்டது என்று துணிக்கடை மாதிரி இருக்கும். பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்கு ஒரே காலையில் பதினோரு பேர் பி.பி. பார்த்துவிட்டார்கள். பன்னிரண்டாவதாக நான் போனபோது அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். நான் கருவியை மூடிவிட்டு முன்னால் போனவளின் அளவைப் பார்த்து எழுதிக்கொண்டேன். நான் எழுதிய முதல் பொய் அளவு அது.

நோயாளிக்கு என்னென்ன கவனிப்பு என்று எழுதுகிற கேர் பிளான்கள் எல்லாம் சீனியர் அக்காக்களின் நோட்டிலிருந்து இறங்கின. நோயாளி பெயரும் வயதும் மட்டும் மாறும். பிராக்டிகலுக்கு முந்தின சாயங்காலம் ஒரு மேடம் உட்கார்ந்து அறுபது லாக் புக்கில் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். எல்லாம் ஒரே நீலப் பேனா, தேதிகள் மட்டும் ஆறு மாதத்துக்குப் பரவிக் கிடந்தன.

என் மகப்பேறு லாக் புக் இன்னும் என்னிடம் இருக்கிறது. நானே பார்த்த பிரசவங்கள் என்று அதில் பத்து எழுதியிருக்கிறேன். உண்மையில் என் கை பட்டது இரண்டு. நாலு பிரசவங்களைப் பின்னால் எக்கி நின்று, முன்னால் இருந்தவர்களின் தோள் இடுக்கில் பார்த்தேன். மீதி நாலு பெண்களை நான் பார்த்ததே கிடையாது. லேபர் வார்டு ரிஜிஸ்டரிலிருந்து பெயர், ஐ.பி. நம்பர், குழந்தையின் எடை, பிறந்த நேரம் எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டேன். எழுதிய கை என்னுடையது. அதை உங்கள் தலையில் முழுதாகக் கட்ட மாட்டேன். ஆனால் ரிஜிஸ்டரை எந்த அலமாரியில் வைப்பார்கள் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது உங்கள் கல்லூரி.

அதன் விலை எப்போது தெரிந்தது என்று சொல்கிறேன்.

2017 கடைசியில் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்றாவது மாதம். ராத்திரி இரண்டரை மணி. பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு மணி நேரம் முன்னால் சுகப்பிரசவம். நான் போய் பி.பி. பார்த்தேன், 110/70. எழுதிக்கொண்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டேன். நாடி ஏறியிருந்ததை எண்ணினேன், ஆனால் அது என்னிடம் எதையோ சொல்கிறது என்று எனக்குப் புரியவில்லை. துணி மாற்றப் போன ஆயாம்மாதான், "சிஸ்டர், மாத்த மாத்த நனைஞ்சிகினே கீது" என்றார். அதற்குள் சீனியர் சிஸ்டர் எங்கிருந்தோ ஓடி வந்து அந்தப் பெண்ணின் அடிவயிற்றில் கை வைத்தார். அடுத்த நொடி என் கையைப் பிடித்து இழுத்துத் தன் கைக்கு அடியில் வைத்து அழுத்தினார். "தொட்டுப் பாரு. பஞ்சு மாதிரி இருக்கா? இருக்கக் கூடாது. பந்து மாதிரி இருக்கணும். தேய், நிறுத்தாம தேய்."

பிரசவம் ஆனதும் கருப்பை சுருங்கி இறுகும், இறுகாவிட்டால் ரத்தம் நிற்காது. பி.பி. கடைசியாகத்தான் இறங்கும், நாடி முந்திக்கொண்டு ஏறும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பாடத்தில் நான் வகுப்பிலேயே இரண்டாவது மார்க். தெரியாதது ஒன்றே ஒன்று: இறுகின கருப்பை கைக்கு எப்படி இருக்கும், இளகினது எப்படி இருக்கும். உங்கள் லேபில் இருந்த பொம்மையின் வயிறு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்கு ரத்தம் போகாது. சிஸ்டர் சொல்லச் சொல்லத் தேய்த்தேன், இன்னொருவர் டிரிப்ஸில் மருந்து ஏற்றினார், மூத்திரப்பையைக் காலி செய்தார்கள், டாக்டர் வந்தார். என் உள்ளங்கைக்குக் கீழே அது மெதுவாக இறுகியது. அந்தப் பெண் மூன்றாம் நாள் குழந்தையோடு வீட்டுக்குப் போனாள். எனக்கு நன்றி வேறு சொன்னாள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்துப் பிரசவம் பார்த்ததாகக் கையெழுத்து வாங்கியவள் நான்.

இதையெல்லாம் அன்று உங்கள் அலுவலகத்தில் சுருக்கமாகச் சொன்னபோது பொறுப்பில் இருந்த ஐயா ஒருவர் பொறுமையாகவே பதில் சொன்னார். அரசு ஆஸ்பத்திரிகளில் கல்லூரிகளின் கூட்டம், கேட்கிற நாளுக்கு அனுமதி கிடைப்பதில்லை, டீசல் விலை, கூட அனுப்ப டியூட்டர் இல்லை, அப்புறம் ஸ்கில் லேபுக்கு இத்தனை லட்சம் செலவழித்திருக்கிறோமே. கூட்டம் என்பது உண்மை. நானே துணிக்கடை என்று எழுதியிருக்கிறேன். டியூட்டர் இல்லை என்பதும் உண்மையாக இருக்கும். டியூட்டருக்கு நீங்கள் தருகிற சம்பளத்தைப் பார்த்துவிட்டு யார் நிற்பார்கள்? லேபுக்கும் நான் எதிரி கிடையாது. பொம்மைமேல் பழகாமல் ஒருவர் என் அப்பாவுக்கு ஊசி போட வந்தால் நானே தடுப்பேன். லேப், வார்டுக்குப் போகும் வழியில் இருக்கிற ஒரு படி. படியிலேயே பாய் விரித்துப் படுக்கச் சொல்கிறீர்கள்.

இன்னொன்றும் கேட்டேன். போஸ்டிங் நாள்கள் குறைகிறதே, கிளினிக்கல் ஃபீஸும் குறையுமா? ஆஸ்பத்திரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டத்தானே அதை எங்களிடம் வாங்குகிறீர்கள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அது பேக்கேஜ்ல வருதும்மா" என்றார்.

கூட்டத்துக்கு வழி இல்லாமல் இல்லை. எல்லாக் கல்லூரியும் காலை ஏழரைக்கு ஒரே வார்டில் போய் இறங்குவதால்தான் கூட்டம். சாயங்கால ஷிஃப்ட்டில் பாதிப் பேரை அனுப்புங்கள், நைட்டுக்குக் கொஞ்சம் பேரை அனுப்புங்கள். நர்ஸாக ஆகப்போகிறவள் ராத்திரி வார்டு எப்படி இருக்கும் என்று படிக்கும்போதே பார்க்கட்டும். குழந்தை பிறப்பதற்குக் காலை ஏழரை என்று கணக்கில்லை. மாவட்டம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 2021-இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகிறார்கள். அந்தம்மாக்களின் பின்னால் பத்து நாள் நடந்தால் சமூக நலப் பாடத்தில் பாதி முடிந்துவிடும். முறையாக அனுமதி கேட்டு எழுதுங்கள். கடிதம் எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன்.

போஸ்டிங்கைக் குறைத்தால் முதலில் அடிபடுவது யார் என்று யோசித்தீர்களா? நான் தமிழ் மீடியம். முதல் வருடம் அனாடமி புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றும். எலும்புக்குப் பெயரே ஒரு முழம் நீளம். முதல் இன்டர்னலில் 75-க்கு 19. பக்கத்துப் பெஞ்சில் சி.பி.எஸ்.இ. படித்துவிட்டு வந்த பெண் மேடத்தோடு சரளமாகப் பேசுவாள், நான் கேள்வி புரியாமல் நெளிவேன். படிப்பை விட்டுவிடலாம் என்று அப்பாவுக்கு இரண்டு தடவை போன் செய்திருக்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது வார்டு. ஒரு பாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு "குடையுது" என்றார். சி.பி.எஸ்.இ. தோழி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். வலி என்றால் அவளுக்கு ஒரே வலிதான். குடைச்சல் வேறு, குத்தல் வேறு, கடுப்பு வேறு, எரிச்சல் வேறு, இழுத்துப் பிடிப்பது வேறு, சுருக்கென்று வந்து போவது வேறு என்று எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். 'நெஞ்சு கரிக்குது' என்றால் என்ன, 'தலை கிறுகிறுங்குது' என்றால் என்ன, 'தண்ணி உடைஞ்சிடுச்சு' என்றால் எவ்வளவு அவசரம் என்று நான் சொல்ல, அவள் அதற்கு இங்கிலீஷ் சொல்ல, கேஸ் ஷீட்டை இரண்டு பேருமாக எழுதினோம். அன்றைக்கு எங்கள் டியூட்டர் மேடம் எல்லார் முன்னாலும், "நோயாளிகிட்ட கேட்டு ஹிஸ்டரி எடுக்கிறதை இவகிட்ட கத்துக்குங்க" என்றார். அந்த மேடத்தை மட்டும் நான் கும்பிடுவேன். ஆறரை மணிக்கே எங்களைக் கூட்டிப் போய் ஆளுக்கு இரண்டு நோயாளி பிரித்துக் கொடுத்து, குளிப்பாட்டுவதிலிருந்து படுக்கைப்புண் பார்ப்பதுவரை கூடவே நிற்பார். யாருடைய லாக் புக்கிலும் அவர் சும்மா கையெழுத்துப் போட்டதில்லை. ஒன்றரை வருடத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார், அல்லது போக வைத்தீர்கள். எது என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

கிராமத்துப் பிள்ளை ஜெயிக்கிற ஒரே இடம் அந்தக் கட்டிலோரம். அங்கே இருந்துதான் எனக்கு அனாடமியே புரிய ஆரம்பித்தது. பாட்டியின் வயிற்றில் வலிக்கிற இடம் தெரிந்தபின் அந்த இடத்தில் என்ன உறுப்பு என்று தேடிப் படித்தேன். வகுப்பறைக்குள்ளேயே நாலு வருடமும் அடைத்திருந்தால் நான் ஃபெயிலாகி ஊருக்குப் போயிருப்பேன். புதுப் பாடத்திட்டத்தில் எட்டு செமஸ்டர், தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 50 மார்க்குக்குக் குறையக் கூடாது. இங்கிலீஷ் தடுமாறுகிற பிள்ளைக்கு வார்டையும் பிடுங்கிவிட்டால் எதைப் பிடித்து ஏறுவாள்?

சரி, படித்து முடித்து வெளியே வந்தபின் என்ன? என் முதல் சம்பளம் 8,000 ரூபாய். லோன் தவணை அதில் பாதிக்கு மேல். இத்தனைக்கும் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசு போட்ட குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரை செய்திருந்தது. நான் அதைச் சொல்லிக் கேட்டபோது அந்த ஆஸ்பத்திரி மேனேஜர் சிரித்துவிட்டு, "காலேஜ்ல உனக்கு டிரிப்ஸ் ஏத்துற வென்ஃப்ளான் ஊசி போடக்கூட சொல்லித் தரலையேம்மா, ஒரு வருஷம் நாங்கதானே கத்துத் தரணும்" என்றார். அவர் சொன்னது சாக்குதான், ஆனால் அந்தச் சாக்கை அவர் கையில் எடுத்துக் கொடுத்தது யார்? நீங்கள் மிச்சம் பிடிக்கிற டீசல் காசை உங்கள் மாணவிகள் முதல் வருடச் சம்பளத்தில் கட்டுகிறார்கள்.

இவ்வளவு நடந்தும் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை என்று உங்களுக்கே தெரியும். எங்கள் பேட்சில் ஒரு பெண் முதல் வருடம் இரண்டு பேப்பரில் ஃபெயிலாகி, வீட்டிலும் கஷ்டம், விட்டுவிடுகிறேன் என்று வந்தாள். நாலு வருட ஃபீஸையும் கட்டினால்தான் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டி.சி.யும் என்றீர்கள். அவளுடைய அப்பா தேவனாம்பட்டினத்தில் கட்டுமரத்தில் போகிறவர். எட்டு மாதம் நடந்தார்கள். அந்த எட்டு மாதத்தில் அவளால் வேறு எந்தப் படிப்பிலும் சேர முடியவில்லை. அப்போது எங்களுக்கு விவரம் போதாது. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவிப்பே வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் அன்று உங்கள் அலுவலகத்தில் என் அக்கா மகளிடம் கொடுத்த தாளில், "அனைத்து அசல் சான்றிதழ்களும் படிப்பு முடியும்வரை கல்லூரியின் பாதுகாப்பில் இருக்கும்" என்று அச்சடித்திருக்கிறது. பாதுகாப்பு! அந்த அலமாரி பூட்டியிருக்கிறவரை எந்தப் பிள்ளையும், "மேடம், இந்தப் பிரசவத்தை நான் பாக்கல, எழுத மாட்டேன்" என்று சொல்லப்போவதில்லை.

முதல் வருடம் நீங்கள் எங்களுக்கு நர்சிங் ஃபவுண்டேஷனில் சொல்லிக் கொடுத்தது: செய்ததை உடனே எழுது, எழுதாதது செய்யாததற்குச் சமம். மூன்றாம் வருடம் சொல்லிக் கொடுத்தது: செய்யாததையும் எழுது. மெழுகுவர்த்தி பிடித்து உறுதிமொழி எடுத்தது இந்த இரண்டுக்கும் நடுவில்.

இனி நான் கேட்பது.

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். விதிப்படி எந்தப் பகுதியில் எத்தனை மணி நேரம் வார்டில் இருக்க வேண்டுமோ அத்தனையும் வார்டிலேயே நடக்க வேண்டும். ஸ்கில் லேப் அதற்கு முன்னால் நடக்கட்டும், அதற்குப் பதிலாக வேண்டாம். இட நெருக்கடி என்றால் ஷிஃப்ட் பிரியுங்கள், சுகாதார நிலையங்களைக் கேளுங்கள். அதுவும் முடியாது என்றால் சேர்க்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள். படுக்கை இல்லாமல் சீட் மட்டும் வைத்திருப்பது நியாயமில்லை.

லாக் புக்கில் செய்தது, உதவியது, பார்த்தது மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். நோயாளியின் பக்கத்தில் நின்ற ஆசிரியரோ டியூட்டி சிஸ்டரோ அன்றைய தேதியில் போட்ட கையெழுத்து மட்டும் செல்லட்டும். எண்ணிக்கை குறைந்தால் குறைந்ததாகவே இருக்கட்டும். எட்டாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப்பில் அதைச் சரிசெய்து அனுப்புங்கள். குறைவாக எழுதிய பிள்ளைக்கு இன்டர்னலில் மார்க் வெட்டக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் பழையபடி ரிஜிஸ்டரைத் தேடிப் போவார்கள்.

அலமாரியைத் திறந்து சர்ட்டிபிகேட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள். இதற்குக் கமிட்டி எதுவும் தேவையில்லை, சாவி உங்கள் மேஜையிலேயே இருக்கிறது.

கிளினிக்கல் ஃபீஸ் என்று ஒரு பிள்ளையிடம் எவ்வளவு வாங்குகிறீர்கள், அதில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே தாளில் போடுங்கள். அதே தாளில் சொந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை, சராசரியாக எத்தனை நிரம்புகிறது, மாதம் எத்தனை பிரசவம் நடக்கிறது, எந்த எந்த ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம், அது எந்தத் தேதிவரை என்பதும் வரட்டும். ஆல்பேட்டைக்குக் கடலூர்ப் பக்கம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பக்கம் பெரும்பாலும் புதுவைப் பல்கலைக்கழகம். கவுன்சலிங்கில் வந்த சீட்டுக்குத் தமிழ்நாட்டில் முதல் பட்டதாரி சலுகை உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. இதெல்லாம் தெரியாமல்தான் எங்கள் பெற்றோர் தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள். தமிழில் ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தால் அவர்கள் படித்துக்கொள்வார்கள்.

டியூட்டர் இல்லை என்று சொன்னதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. எங்கள் பேட்சில் ஆறு பேர் கடலூர், புதுச்சேரி ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறோம். எங்கள் வார விடுமுறையில், மாதம் இரண்டு நாள், உங்கள் பிள்ளைகளோடு வார்டில் நிற்கத் தயார். சம்பளம் வேண்டாம், காலையில் டீ கொடுத்தால் போதும். இது உங்களுக்குச் சட்டப்படி ஆசிரியர் கணக்கில் வராது. அந்தக் கணக்கை நிரப்ப நீங்கள் ஆள் எடுத்தே ஆக வேண்டும். அதுவரை ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக் காட்ட ஒருவர் பக்கத்தில் இருப்பார், அவ்வளவே.

முப்பது நாள் காத்திருக்கிறேன். பதில் எனக்குத் தனியாக வர வேண்டாம், அதே நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஒன்றும் ஒட்டப்படவில்லை என்றால் பல்கலைக்கழகத்துக்கும் நர்சிங் கவுன்சிலுக்கும் எழுதுவேன். கூடவே என் லாக் புக்கின் நகலை வைப்பேன். அதில் எந்த எட்டுப் பிரசவங்கள் நான் செய்யாதவை என்று சிவப்பு மையில் நானே வட்டம் போட்டிருப்பேன். என் பதிவுக்கு அதனால் என்ன வரும் என்று யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்கா மகள் உங்கள் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறாள். அட்வான்ஸ் பணம் அக்காவிடம் இருக்கிறது, இன்னும் கட்டவில்லை.

இப்படிக்கு,
உங்கள் 2013–17 பேட்ச் மாணவி,
ஸ்டாஃப் நர்ஸ், புதுச்சேரி